கட்டில் ஈந்த அம்மையார்

பிரான்சு நாட்டுக் கான்கால் என்னும் கடற்கரையூரில் 1792ஆம் ஆண்டு மீனவர் குடியிற் பிறந்தவர் ழான் ஜுகான் அம்மையார். இளமையில் மருத்துவமனையில் நோயாளரைப் பேணியவர். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண்ணொளி இழந்து முடங்கிய மூதாட்டி ஒருவரை இல்லத்திற் சேர்த்து, தம் கட்டிலையே அவருக்கு ஈந்தார். தாம் பரணிற் படுத்தார். முதியோர் பலர் வந்து சேரவே, அவர்கள் இரவாதிருக்கத் தாமே கூடையேந்தி வீடுதோறும் சென்றார். இவ்வாறு தோன்றிய சகோதரியர் சபையில் தலைமை பறிபோனபோதும் மனங்கோணாது தொண்டாற்றி, 1879இல் மறைந்தார்.

1882இல் அச்சகோதரியர் நம் கல்கத்தாவில் முதியோர் இல்லம் நிறுவினர்.

ஊர்விட்டு வந்த நாமும் பெற்றோரை இந்நகருக்கு அழைத்துக்கொள்கிறோம். அளவறிந்து, வேளை தவறாது மருந்து கொடுத்தல் நம் கடமை. வீட்டின் நல்லிடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தலோ அம்மையார் காட்டிய நெறி.