எவர்ஷெட், 1909

சூரியப் புள்ளிகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால், ஈற்றிலுள்ள மேற்கோள் பட்டியலில் எவர்ஷெட், 1909 என்னும் வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். அது நம் பழனி மலையில் பிறந்த வரி.

ஜான் எவர்ஷெட் 1864-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பிழைப்புக்கு ரசாயனப் பொருள்களைச் சோதிக்கும் வேலை. ஓய்வு நேரத்தில் சூரிய ஆராய்ச்சி. 1907-இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்தார். 1909 ஜனவரியில் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம்பிடித்தபோது, புறநிழல் பகுதியில் கோடுகள் விலகியிருக்கக் கண்டார். சூரிய வட்டின் நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாவின் புறமாக, விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பின் புறமாக! டாப்ளர் விளைவைப் படித்தவர்க்கு மீதி விளங்கும். வாயு, புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் வெளியே பாய்கிறது, நொடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில். இதுவே எவர்ஷெட் விளைவு.

இம்முடிவு கொடைக்கானல் வானாய்வக வெளியீட்டிலும், லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழிலும் (தொகுதி 69, பக்கம் 454) அச்சாயிற்று. கட்டுரையாளர் சிலர் முன்னதைக் குறிக்கின்றனர், சிலர் பின்னதை. பின்னதை மட்டும் குறித்தால் பட்டியலில் கொடைக்கானல் என்ற பெயரே வராது. எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

1917-ஆம் ஆண்டு வரியில் எவர்ஷெட், எவர்ஷெட் என்று இருமுறை வரும். அச்சுப்பிழையன்று. இரண்டாமவர் அவருடைய மனைவி மேரி. சூரியச் சுடர்களைக் கணவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர். தாந்தேயின் வானியலைப் பற்றி அவர் எழுதிய நூலிலோ எம். ஏ. ஓர் என்ற பிறந்த வீட்டுப் பெயர். முதலெழுத்துகளை விட்டுவிட்டால் அந்த அம்மையார் கணவர் பெயருக்குள் மறைந்தே போவார்.

எவர்ஷெட் 1911 முதல் 1923 வரை வானாய்வக இயக்குநராயிருந்து, தாயகம் திரும்பி, 1956-இல் காலமானார்.