கொடுமுடி கோகிலம்

கொங்கு நாட்டிலே காவிரிக் கரையில் விளங்கும் பழம்பதி கொடுமுடி. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு எளிய குடும்பமொன்றில் தோன்றியவர் சுந்தராம்பாள். வறுமையின் காரணமாக இளம் பருவத்தில் புகைவண்டியிலும் பாடிப் பொருள் ஈட்டினார். அக்குரலின் அருமையை உணர்ந்தோர் அவரை நாடகக் குழுவிற் சேர்த்தனர்.

அந்நாளில் நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. கடைசியில் மண்தரையில் அமர்ந்திருப்போருக்கும் பாட்டின் சொல் சிதையாமற் சென்று சேரவேண்டும். ஆதலின் நடிகர்கள் உயர்ந்த சுருதியிற் பாடப் பழகினர். மேலே செல்லச் செல்லப் பலருக்குக் குரல் மெலியும். அம்மையாருக்கோ கூர்மை பெறும். ழகரமும் றகரமும் தம் ஒலி பிறழா. இசை நுணுக்கம் அறியாதாரும் அவர் பாட்டில் உருகியதற்கு இச்சொற்றெளிவே காரணம் என்பது என் துணிபு.

அவருக்கு ஈடாக நின்று பாடியவர் செங்கோட்டைக் கிட்டப்பா. கொழும்பு நாடக மேடையிற் கூடிய அவ்விருவரும் 1927இல் மணம் புரிந்தனர். அவ்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. 1933இல் கிட்டப்பா 27 வயதில் மறைந்தார். அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று முதல் வெள்ளாடை உடுத்தினார். ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு மேடையை விட்டு ஒதுங்கினார்.

1935இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு அவருக்கு அளித்த ஊதியம் 1,00,000 ரூபாய். உறுதி குலையாதவாறு நந்தனாராக ஆண் வேடத்தில் அவரே நடித்தார். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றவில்லை, நடிப்பவரே பாடவேண்டும். தில்லையைக் காண ஏங்கும் அடியவரின் துயரைப் பாட, அவர் துயரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்ததா?

1953இல் ஜெமினியார் எடுத்த ஔவையார் படத்தில், அம்மையார் விநாயகரை வேண்டிப் பாட, யானைக் கூட்டம் திரண்டு வந்து கோட்டையைத் தகர்க்கும். யானைகள் கண்ணுக்கு விருந்தே. எனினும் அவற்றை அழைத்தது அக்குரலே என்று நம்மை நம்பச் செய்வது பாட்டு. 1965இல் வந்த திருவிளையாடலிலோ அதே குரல், கனி கிடைக்காமற் சினந்து நிற்கும் முருகனைத் தாயின் பரிவோடு தேற்றுகிறது.

துணைவன் படப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் அவரை நாடி வந்தன. 1980இல் அம்மையார் மறைந்தார். இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளிலும் அவர் வெள்ளாடையை மாற்றவில்லை.