சட்டியில் பிறந்த சாணைக்கல்

கத்தி மழுங்கினால் சாணை பிடிக்கிறோம். இரும்பையே தேய்க்கும் கல், இரும்பைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஒரு பொருளை உலையில் செய்து காட்டியவர் எட்வர்டு ஆச்செசன்.

இவர் 1856-ம் ஆண்டு அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். குடும்பத்தைத் தாங்குவதற்காக 16 வயதில் படிப்பை நிறுத்தினார். தந்தையின் இரும்பு உலையில் வேலை செய்தார். பகலில் உலை வேலை. இரவில் மின்சார ஆராய்ச்சி.

1880-ல் விஞ்ஞான மேதை எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனின் மின்சார விளக்குகளை ஐரோப்பிய நகரங்களில் அமைத்தார். பிறகு விலகி, சொந்த ஆராய்ச்சியில் இறங்கினார்.

பென்சில் நுனியில் அதிசயம்

1891-ல் மொனாங்கஹேலா என்ற ஊரில் ஒரு சோதனை செய்தார். ஈயம் உருக்கும் இரும்புச் சட்டி ஒன்றை எடுத்தார். களிமண்ணையும் கல்கரித் தூளையும் அதில் கலந்து போட்டார். நடுவில் ஒரு கரிக்கோலை நட்டு மின்சாரம் பாய்ச்சினார்.

சட்டி ஆறியது. கரிக்கோலில் மினுமினுவென்று சில துகள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றைப் பென்சில் நுனியில் பதித்துக் கண்ணாடியில் இழுத்தார். வைரம் பட்டதுபோல் கண்ணாடி கீறுண்டது!

கரியும் அலுமினாவும் சேர்ந்த பொருள் என்று எண்ணி, அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அவர் எண்ணியது தவறு. கரியும் சிலிக்கனுமே அதில் இருந்தன. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1893-ல் காப்புரிமை கிடைத்தது.

தனி மனிதனாக நின்றார்

முதலில் ரத்தினம் தீட்டுவோர் அதைக் கேரட் கணக்கில் வாங்கினார்கள். செய்ததில் பாதிதான் விற்றது. அப்படியிருந்தும், நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தைக் கொண்டு பெரிய ஆலை கட்டப்போவதாக ஆச்செசன் அறிவித்தார். கம்பெனி டைரக்டர்கள் திகைத்தார்கள், ராஜினாமா செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1895-ல் ஆலை ஓடத் தொடங்கியது.

மின்சாரம் மலிந்தது, சரக்கும் மலிந்தது. சாணைச் சக்கரங்கள் தொழிற்சாலைதோறும் சுழன்றன. ஆனால் காலப்போக்கில் கம்பெனி நிர்வாகம் முதல் போட்டவர்கள் கைக்குப் போய்விட்டது.

ஆச்செசன் சோர்ந்து உட்காரவில்லை. கார்போரண்டத்தை மேலும் சூடாக்கினால் சிலிக்கன் ஆவியாகி, சுத்தமான கிராபைட் மிஞ்சுவதைக் கண்டிருந்தார். அதைக் கொண்டே புதிய தொழில் நடத்தினார்.

1931-ல் அவர் காலமானார். 1954-ல் சென்னையில் முருகப்பா குழுமம், அவர் தொடங்கிய அதே அமெரிக்கக் கம்பெனியுடனும் ஓர் ஆங்கிலக் கம்பெனியுடனும் சேர்ந்து, கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஓர் உலைத் தொழிலாளி, தவறாக வைத்த பெயர்தான் அது. ஆனால் அவருடைய உழைப்பில் தவறு இல்லை!