முயல் வாங்கித் தந்த பண்ணை

குடும்பத்தோடு ஒருநாள் கோட்டை பார்க்கப் போக உங்களுக்குப் பிடிக்குமா? அப்படியென்றால் இந்தக் கதையைப் படியுங்க.

இங்கிலாந்தில் விண்டர்மியர் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் இருப்பது ரே கோட்டை. கோபுரம், உயரமான சுவர் எல்லாம் உண்டு. ஆனா அங்கே ராஜாவும் இருந்ததில்லை, சண்டையும் நடந்ததில்லை! 1840-களில் பணக்கார மருத்துவர் ஒருவர் தான் குடியிருக்கக் கட்டிய வீடு அது.

1882-ல் லண்டன் குடும்பம் ஒன்று கோடை விடுமுறைக்கு அந்தக் கோட்டையை வாடகைக்கு எடுத்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கோடையில்தான் 16 வயது ஆனது. அவர் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர்.

பியாட்ரிக்ஸ் பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆசிரியைகள் வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித் தந்தார்கள். அவரும் தம்பியும் முயல், எலி, முள்ளெலி எல்லாம் வளர்த்தார்கள். அவற்றை உற்றுப் பார்த்துப் படம் வரைவதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை.

கோட்டையைச் சுற்றி மலை, ஏரி, ஆட்டு மந்தை. பியாட்ரிக்ஸுக்கு அந்த இடம் மனசில் ஒட்டிக்கொண்டது. அங்கே ரான்ஸ்லி என்ற பாதிரியாரைச் சந்தித்தார். இந்த மலையும் ஏரியும் கெட்டுப்போகக் கூடாது என்று பாடுபட்டவர் அவர். 1895-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அழகான இடங்களை எல்லாருக்காகவும் காப்பதுதான் அதன் வேலை.

பியாட்ரிக்ஸ் வளர்ந்த பிறகு காளான்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1897-ல் லண்டனில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அது வைக்கப்பட்டது. ஆனா பெண்கள் அந்தக் கூட்டத்துக்கு வரக்கூடாது என்பது அன்றைய விதி! எழுதியவராலேயே உள்ளே போக முடியலை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1893-ல், உடம்பு சரியில்லாத ஒரு சின்னப் பையனுக்கு முயல் கதை ஒன்றைப் படத்தோடு கடிதமாக எழுதியிருந்தார். பையன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். அதைத் திரும்ப வாங்கிப் புத்தகமாக்கினார். பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். சரி, நாமே போடலாம் என்று 1901-ல் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த வருஷம் ஒரு பதிப்பகம் அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அதுதான் பீட்டர் முயல் கதை!

புத்தகம் நிறைய விற்றது. அந்தப் பணம் கைகொடுக்க, 1905-ல் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அது ரே கோட்டைக்குச் சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. பிறகு அந்தப் பகுதியிலேயே இன்னும் பல பண்ணைகள் வாங்கினார். ஏன் தெரியுமா? நிலத்தைத் துண்டு துண்டாக விற்று வீடு கட்டிவிட்டால், ஆடு மேய இடம் இருக்காது. அவரே சேற்றில் இறங்கி ஹெர்ட்விக் ஆடுகளை வளர்த்தார். கண்காட்சிகளில் பரிசும் வாங்கினார்.

1943-ல் பியாட்ரிக்ஸ் இறந்தார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்திருந்தார். அங்கே ஹெர்ட்விக் ஆடுகள் தொடர்ந்து மேய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

இன்று ரே கோட்டையும் ஹில் டாப்பும் நேஷனல் டிரஸ்டிடம்தான் இருக்கின்றன. நீங்கள் போனால், வழியில் சாம்பல் நிற ஆடுகளைப் பாருங்க. அவை இன்னும் மேய்கின்றன.

சொல் அறிவோம்
மந்தை – ஆடுகளின் கூட்டம்
பிரதி – ஒரு புத்தகத்தின் படி
பதிப்பாளர் – புத்தகம் வெளியிடுபவர்

பேசுவோம்
1. பியாட்ரிக்ஸ் ஏன் நிறையப் பண்ணைகளை வாங்கினார்?
2. அவர் கூட்டத்துக்குப் போக முடியாதது நியாயமா? ஏன்?

திட்டமிடுவோம்
நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் என்ன கோட்டை அல்லது பழைய மாளிகை இருக்கிறது? அம்மா அப்பாகிட்ட கேளுங்க. எந்த நாளில் திறந்திருக்கும், எப்படிப் போவது, சாப்பிட என்ன கொண்டுபோவது, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று ஐந்து வரி எழுதுங்க.