ஆற்காட்டுக் கடனும் எட்மண்ட் பர்க்கும்

ராஜாங்கத்தின் காரியத்தைத் தனி மனிதர் கையில் ஒப்புவித்துவிட்டால், பிறகு கணக்குக் கேட்கும் பாத்தியதை யாருக்கு? இக்கேள்வி நமது சட்டசபைகளில் எழுந்து கட்சிச் சண்டையில் மூழ்கிப் போவதை நேயர்கள் அறிவார்கள். சுமார் 240 வருஷங்களுக்கு முன் சீமைப் பார்லிமெண்டிலும் இது எழுந்தது. அன்று பணயமாக வைக்கப்பட்டிருந்தது நம் தமிழ் நாடு. கேட்டவர்களில் முதன்மையானவர் எட்மண்ட் பர்க்.

பர்க் 1729-ஆம் வருஷம் அயர்லாந்தில் டப்ளின் நகரில் ஒரு வக்கீலின் குமாரராகப் பிறந்தார். சட்டம் படிக்க லண்டனுக்கு வந்தவர் அதை விட்டு எழுத்தில் இறங்கினார். 1765-ஆம் வருஷக் கடைசியில் காமன்ஸ் சபையில் அங்கத்தினரானார். அமெரிக்கக் குடியேற்ற நாட்டாரை வரிக்காக வதைக்கலாகாது என்று வாதாடிப் புகழ் பெற்றார். ஆயினும் அவரது ஆயுளில் பெரும் பகுதியை விழுங்கியது இந்தியா விஷயமே.

அக்காலத்தில் நம் நாட்டின் நிலைமை விசித்திரமானது. ஆற்காட்டு நவாப் முகம்மதலி, கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே கடனாக வாங்கினார். ஈடு என்ன? ஜில்லாக்களின் நிலவரி. இவ்வாறு குடியானவனின் தீர்வை தனிப்பட்ட வெள்ளைக்காரர்களின் வட்டிக்குப் போயிற்று. சில நூறு பவுன் சம்பளக்காரனான பால் பென்பீல்டு என்பவன் 2,34,000 பவுன் தனக்கு வர வேண்டுமென்றும், அதில் பெரும் பகுதிக்குத் தஞ்சாவூர் ராஜ்யத்தின் வருமானமே ஈடு என்றும் கூசாமல் உரிமை கொண்டாடினான். தஞ்சையை அதன் அரசருக்குத் திருப்பிக் கொடுத்த கவர்னர் பிகட் பிரபுவை அவரது கவுன்சில் அங்கத்தினர்களே 1776-இல் சிறை செய்தனர்; மறு வருஷம் அவர் காவலிலேயே இறந்தார். பென்பீல்டோ 1780-இல் பார்லிமெண்டு அங்கத்தினனானான்!

கம்பெனியைக் கண்காணிக்க 1783-இல் பாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன் உயிர் பர்க்கினுடையது. பார்லிமெண்டு நியமிக்கும் ஏழு கமிஷனர்கள் கம்பெனியின் ராஜ்ய நிர்வாகத்தை நடத்துவதென்பது ஏற்பாடு. ஏழு பேரும் பாக்ஸின் கட்சியைச் சேர்ந்தவர்களாய்ப் போனதுதான் வினை. இந்தியாவுக்குக் காவலா, கட்சிக்கு உத்தியோகக் கொள்ளையா என்று எதிரிகள் முழங்கினார்கள். அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மசோதாவை ஆதரிப்பவர் தமக்குப் பகைவர் என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பிரபுக்களுக்குச் சொல்லியனுப்பினார். 95 வாக்குக்கு 76 என்ற கணக்கில் அது பிரபுக்கள் சபையில் தோற்றது. மந்திரி சபையும் வீழ்ந்தது.

அடுத்து வந்த பிட், 1784-இல் தமது சட்டத்தின்படி அறுவர் கொண்ட கண்காணிப்புச் சபையை ஏற்படுத்தினார். நவாபின் கடன்களை விசாரிக்க வேண்டுமென்று அச்சட்டத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது. கம்பெனி டைரெக்டர்கள் விசாரணைக்கு உத்தரவு தயாரித்தார்கள். கண்காணிக்கப் பிறந்த சபையோ அதைத் தள்ளி, விசாரணையின்றியே வருஷம் 12 லக்ஷம் வராகன் கட்டி வர வேண்டுமென்று விதித்தது! கடன்காரர்கள் தேர்தலில் செய்த உதவிக்கு இது கைம்மாறு என்று பர்க் குற்றஞ்சாட்டினார். 1785 பிப்ரவரி 28-இல் அவர் ஆற்றிய பிரசங்கம், ஹைதரின் படையெடுப்பால் சாம்பலான கர்நாடகத்தைச் சபையோர் கண்முன் நிறுத்தியது. அந்தச் சாம்பலிலிருந்து வட்டி வாங்குபவர்களைப் பெயர் சொல்லிக் காட்டியது. தஸ்தாவேஜுகளைச் சபையில் வைக்கும்படி கோரிய தீர்மானம் அன்றிரவு தோற்றுப் போயிற்று.

பர்க்கும் கறையற்றவரல்ல. அவருடைய உறவினர் வில்லியம் பர்க் தஞ்சாவூர் அரசரின் ஏஜெண்டாக இருந்தவர். குடும்பத்தார் கம்பெனிப் பங்குகளில் சூதாடி நஷ்டப்பட்டதும் உண்டு. எதிரிகள் இவற்றைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை. ஆனால் இதனால் கடன் பத்திரங்கள் மெய்யாகிவிடுமா?

அந்தப் பிரசங்கம் நடந்தபோது திண்டுக்கல் சீமை திப்புவின் ஆட்சியில் இருந்தது. பழனிமலை அடிவாரத்துக் கன்னிவாடிப் பாளையமும் அதில் அடங்கியது. ஐந்தே வருஷத்தில், 1790-இல், கம்பெனிப் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதிப்படுத்தியது. கன்னிவாடிக் குடியானவன் தானறியாமலே, லண்டனில் எவருக்கும் சரியாகக் கணக்குச் சொல்லாத ஒரு வியாபாரக் கம்பெனியின் பிரஜையானான்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பர்க் தொடுத்த வழக்கு 1788-இல் ஆரம்பித்து ஏழு வருஷம் நடந்தது; 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய தர்க்கத்தில் பாக்ஸின் நட்பையும் இழந்த பர்க், 1797 ஜூலை 9-இல் காலமானார்.

1801-இல் கர்நாடகம் முழுதும் கம்பெனி வசமாயிற்று. 1805-இல்தான், புதிதாகக் கிளம்பிய கடன் பாத்தியதைகளைப் பரிசீலிக்க ஒரு கமிஷன் அமைந்தது. அதன்முன் வந்த பாத்தியதைகள் 3 கோடிப் பவுனுக்கு மேல். ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவர்கள் செல்லுபடியென ஒப்புக்கொண்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விசாரணையே வேண்டாமென்று 1785-இல் தீர்க்கப்பட்ட பழைய கடன்களோ அதற்குள் கொடுத்துத் தீர்ந்திருந்தன.