பரோடா கொடுத்த பணம், பத்து வருஷப் பத்திரம்

வெளிநாட்டுல எம்.எஸ். படிக்கணும்னு நம்ம காலேஜ்ல பாதிப் பேருக்கு ஆசை. ஜி.ஆர்.ஈ. புத்தகம் வாங்குறோம், லோன் வட்டியைக் கணக்குப் போட்டதும் மூடி வச்சிடுறோம். லைன் வீட்டுல இருந்து வர்ற பசங்களுக்கு அந்தக் கணக்கு போடவே தேவையில்ல. அரசாங்கமே பணம் கொடுத்து அனுப்புற திட்டங்கள் இருக்குன்னு தெரிஞ்சவங்க நம்மில் ரொம்பக் குறைவு. அதுல ஒரு உதவித்தொகையில போய்ப் படிச்சவரோட படம் உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலேயே இருக்கும். நீலக் கோட்டு, கையில புத்தகம். அம்பேத்கரேதான்.

அவர் சட்டம் எழுதின கதை உங்களுக்குத் தெரியும். ஸ்காலர்ஷிப் கதை அவ்வளவா தெரிஞ்சிருக்காது.

1891 ஏப்ரல் 14-ல மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில பி.ஏ. படிக்கும்போது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாசம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல பட்டம் வாங்கி, 1913 ஜனவரியில பரோடா அரசு வேலையில சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாள்லயே அப்பா இறந்துட்டார். அந்த வருஷமே பரோடா அரசு சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு பண்ணிச்சு, அதுல இவரும் ஒருத்தர்.

பணம் சும்மா வரல. 1913 ஜூன் 4-ந் தேதி ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டார். மூணு வருஷத்துக்கு மாசம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை. படிப்பு முடிஞ்சதும் பரோடா அரசுல பத்து வருஷம் வேலை பார்க்கணும். இன்னைக்கு நாம பாண்டுன்னு சொல்றோமே, அதேதான். ஒரு சமஸ்தானம் தன் வரிப்பணத்தைச் செலவு பண்ணும்போது படிச்சவன் திரும்பி வரணும்னு கேட்கிறதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா திரும்பி வர்றவனுக்கு ஊர்ல என்ன காத்திருக்குன்னு அந்தப் பத்திரத்துல ஒரு வரி கூட கிடையாது.

ஜூலையில நியூயார்க் போய்ச் சேர்ந்தார், வயசு 22. கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் முதன்மைப் பாடம். கூடவே சமூகவியல், வரலாறு, மானுடவியல்னு கண்ணுல பட்ட வகுப்புக்கெல்லாம் போனார். 1915-ல எம்.ஏ., பழங்கால இந்திய வணிகம் பத்தின ஆய்வுக்காக. 1916 மே 9-ல இந்தியாவில் சாதிகள் எப்படி உருவாச்சுன்னு ஒரு கட்டுரை வாசிச்சார். இந்த ரெண்டு தலைப்பையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே வருஷம் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் ஆக கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆராய்ச்சி நடுவுல இருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிஞ்சு போச்சு, திரும்பி வரச் சொல்லிட்டாங்க. திரும்ப வந்து படிப்பைத் தொடர, லண்டன் பல்கலைக்கழகத்துல நாலு வருஷ அவகாசம் மட்டும் வாங்கிட்டுக் கிளம்பினார். அது முதல் உலகப் போர் சமயம். அவரோட புத்தகங்கள் வந்த கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கிடுச்சு.

1917 செப்டம்பர்ல பத்திரப்படி பரோடாவுக்குப் போனார். பதவி ராணுவச் செயலாளர். ஆனா தங்க இடம் இல்ல. தீண்டத்தகாதவர்னு தெரிஞ்சா எந்த ஹோட்டலும் சேர்க்காது. பார்சி விடுதி ஒண்ணுல பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். ஆபீஸ்ல பியூன்கள் ஃபைலைத் தூரத்துல நின்னு மேசை மேல போடுவாங்களாம். அரசு பங்களா கேட்டு விண்ணப்பிச்சார், அது இழுத்துக்கிட்டே போச்சு. பதினோராம் நாள் காலையில கம்போட ஒரு கூட்டம் வந்து விடுதியைக் காலி பண்ணச் சொல்லிச்சு. ரெண்டு நண்பர்கள்கிட்ட கேட்டும் இடம் கிடைக்கல. பூங்காவுல உட்கார்ந்திருந்துட்டு ராத்திரி ரயிலைப் பிடிச்சு பம்பாய் திரும்பிட்டார்.

அமெரிக்கா வரைக்கும் பணம் அனுப்பத் தெரிஞ்ச அரசுக்கு அதே ஊர்ல ஒரு வீடு ஒதுக்க முடியல. பத்து வருஷ ஒப்பந்தம் பதினோரு நாள்ல முடிஞ்சது. அதுக்கப்புறம் பரோடா அரசு தான் செலவழிச்ச பணத்தைத் திருப்பிக் கேட்டும் எழுதிச்சு!

அவர் விடல. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில பேராசிரியர் ஆகி சம்பளத்தைச் சேர்த்தார். கோல்ஹாப்பூர் சாகு மகராஜ் உதவினார், நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920-ல மறுபடி லண்டன். 1923-ல ரூபாய் சிக்கல் பத்தின ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம். ஒரு தகவல்: 1930-ல லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இவரோட போன ரெட்டமலை சீனிவாசன், இளவயசுல நம்ம நீலகிரியில கணக்கு வேலை பார்த்தவர்.

1942 ஜூலையில அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவுல தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். கையெழுத்துப் போட்ட மாணவன் இப்போ மேசைக்கு அந்தப் பக்கம். இந்தியத் தொழிலாளிகளை இங்கிலாந்துக்கு அனுப்பித் தொழில்நுட்பப் பயிற்சி கொடுத்த பெவின் திட்டம் அவர் துறைக்குக் கீழேதான் வந்தது. அதே வருஷம் அக்டோபர்ல வைஸ்ராய் லின்லித்கோவுக்கு ஒரு மனு எழுதினார். பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க வருஷத்துக்கு 2 லட்சம், வெளிநாட்டுப் படிப்புக்கு 1 லட்சம். நம்ம மாதிரி படிப்புக்குத்தான் முதல்ல கேட்டிருக்கார், கவனிங்க. அந்தப் படிப்புக்குச் செலவு அதிகம், அரசு உதவி இல்லாம அவங்களால முடியாதுங்கிறது அவர் வாதம். 1944-45-ல மத்திய அரசின் பட்டியல் சாதி உதவித்தொகை தொடங்கிச்சு. 1954-55-ல தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டமும் வந்தது. 1956 டிசம்பர் 6-ல அவர் இறந்தார்.

அந்தத் திட்டம் இன்னும் ஓடுது, சமூக நீதி அமைச்சகம் நடத்துது. வருஷத்துக்கு 125 இடம், அதுல 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, மதிப்பெண் 60 சதவீதம், வயசு 35-க்குள்ள இருக்கணும். 2022-ல ஒரு விதி சேர்த்தாங்க: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பத்தின ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் கிடையாது. இதெல்லாம் இங்கேயே படிக்கலாமேங்கிறது அரசுத் தரப்பு விளக்கம். இப்போ அந்த ரெண்டு தலைப்பை எடுத்துப் பாருங்க. பழங்கால இந்திய வணிகம், இந்தியாவில் சாதிகள். 22 வயசு அம்பேத்கர் இன்னைக்கு அதே தலைப்போட விண்ணப்பிச்சா நிராகரிச்சிடுவாங்க. அவரே தொழில்நுட்பத்துக்குத்தானே பணம் கேட்டார்னு நீங்க சொல்லலாம். கேட்டார்தான், ஆனா மத்த படிப்பை அடைக்கச் சொல்லிக் கேட்கல. சாதியைத் தூரத்துல நின்னு பார்க்க நியூயார்க் அவருக்கு உதவிச்சுங்கிறது என் எண்ணம்.

பி.டெக். முடிக்கிற உங்களுக்கு அந்த விதி குறுக்க வராது. தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துல ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வருஷம் 36 லட்சம் ரூபாய் வரைக்கும் கிடைக்கும். பழங்குடியினர் நல அமைச்சகத்துல தனியா 20 இடம், அதுல 3 இடம் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு. தமிழ்நாட்டுல அந்தப் பட்டியல்ல இருக்கிறது ஆறு பேர்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நம்ம மலையில இருக்காங்க. அந்த 3 இடத்துக்கு இங்கிருந்து விண்ணப்பம் போகணும்னா, கூடலூர்ல, கோத்தகிரியில இருக்கிற உங்க ஃபிரெண்டுக்கு விஷயம் முதல்ல தெரியணும். விதிமுறையை டவுன்லோட் பண்ணி அனுப்புங்க. பாண்டு பக்கத்தை ரெண்டு தடவை படிக்கச் சொல்லுங்க.