டான்ஸ் மேடையிலிருந்து பங்குச் சந்தைக்கு... யார் இந்த நிக்கோலஸ் டார்வாஸ்?

ஆயிரக்கணக்கான பங்குகள் இருக்கு. அதில் எதை வாங்குறது? ட்ரேடிங் பண்ற எல்லாருக்கும் முதலில் வரும் கேள்வி இது. 1950-களிலேயே இதற்கு ஒரு வடிகட்டியைக் கண்டுபிடித்தவர் டார்வாஸ். தொழில்? நடனம்!

1920-ல் ஹங்கேரியில் பிறந்த இவர், உலகப் போர் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, பிறகு அமெரிக்காவில் குடியேறினார். 1952-ல் ஒரு கனடா நிறுவனத்தின் 6,000 பங்குகளை 50 சென்ட் விலையில் வாங்கினார். விலை எகிற, சுமார் 8,000 டாலர் லாபம். ஆசை வந்துடுச்சு. ஆனால், டிப்ஸை நம்பி வாங்கியதில் அடுத்தடுத்து நஷ்டம்.

அப்புறம் பிறந்ததுதான் 'பாக்ஸ் தியரி'. ஒரு பங்கின் விலை சில காலம் ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கும். அதுதான் பாக்ஸ். வால்யூம் கூடி, விலை மேல் எல்லையை உடைத்தால் வாங்கணும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே ஸ்டாப் லாஸ். கூடவே, நிறுவனத்தின் லாபம் வளரணும்.

உலகம் சுற்றி ஆடிய நாட்களில், தரகருக்குத் தந்தி அடித்தே ஆர்டர் போட்டார். 20 லட்சம் டாலர் சம்பாதித்ததாக 1960-ல் புத்தகம் வெளியிட்டார். அவ்வளவு லாபம் வந்ததா என நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் கேள்வி எழுப்பினார்.

1977-ல் டார்வாஸ் மறைந்தார். தொகை பற்றிய சந்தேகம் இருக்கட்டும். ஏறுமுகச் சந்தையில்தான் இந்த முறை அதிகம் கைகொடுக்கும். வாங்கும் முன்பே வெளியேறும் விலையை முடிவு செய்யணும் என்பதுதான் இதில் முக்கியமான பாடம்.